ரெக்கோட் பெட்டியை என்ன செய்வது? திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் தம்பிக்கும், திருவிழாக் குழுவிலுள்ள மற்றவர்களுக்கும், இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரவில்லை. முழங்கால் வலி. முடிவுகளை மருமகள் வந்து சொன்னாள். இந்தச் சித்திரைத் திருவிழாவில் பழைய சினிமாப் பாட்டு கிடையாது. காலையில் சாமி பாட்டு மட்டும், ராத்திரிக்கு அட்டனிலிருந்து டீஜே. கோயில் சாமான் அறையில் கிடக்கும் என்னுடைய ரெக்கோட் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜெனரேட்டர் வைப்பது. ஏகமனதான முடிவாம்.

நேரில் வந்து பேசலாம். பேசினால் கோபம் வரும், கோபம் வந்தால் இருமல் வரும், கடைசியில் எனக்கு யாராவது சுடுதண்ணி கொடுப்பதோடு கூட்டம் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பேரன் டைப் பண்ணுகிறான். பிழை இருந்தால் அவனைப் பிடியுங்கள். எல்லோரும் வாசிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், திருவிழாக் காசை எல்லோருடைய பேரிலும்தானே செக்ரோலில், சம்பளக் கணக்கில், வெட்டுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்னை ஸ்டோர் தாத்தா என்றுதான் தெரியும். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கும் ரோலரோடு 31 வருஷம் நின்றவன். இன்னொரு உத்தியோகமும் எனக்கு இருந்தது. 1974இல், தோட்டத்தின் மேல்பிரிவான மேகணக்கில் இருந்த பெரியவர் ஒருவருக்குக் கண் மங்கிப்போய், தன் லவுட்ஸ்பீக்கர் செட்டை என் கையில் கொடுத்தார். ஒரு வால்வு ஆம்ப்ளிபயர், ஒரு டர்ன்டேபிள், இரண்டு குழாய், ஒரு மரப்பெட்டி நிறைய ரெக்கோட். எனக்கு அப்போது 19 வயது. கொடுக்கும்போது மூன்று விஷயம் சொன்னார். 78 ரெக்கோட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, அது அரக்கு, கரைந்துபோகும். எந்த ரெக்கோட்டையும் படுக்கப் போடாதே, நிறுத்தி வை. யார் என்ன பாட்டு கேட்டாலும், யாருக்காக என்று எழுதி வை.

முதல் இரண்டுக்கும் காரணம் புரிந்தது. மூன்றாவதுக்குக் காரணம் புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், கரண்ட் இல்லாத காலம். தோட்டத்துத் துரையிடம் கேட்டு ஸ்டோரிலிருந்து கோயில் வரைக்கும் வயர் இழுப்போம். ஸ்டோரில் பெரிய மெசின் ஒன்று ஓடத் தொடங்கினால் கரண்ட் இறங்கும், டர்ன்டேபிள் சோர்ந்துபோகும், டி.எம். சௌந்தரராஜனுக்குத் தடுமன் பிடித்த மாதிரிப் பாட்டு இழுக்கும். சனம் சிரிக்கும். குழாய் இரண்டையும் சவுக்கு மரத்தில் ஒன்றை மேட்டு லயத்துக்கும் மற்றதைப் பணிய லயத்துக்கும் பார்த்த மாதிரிக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடிவிட்டால் மற்றப் பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்.

கோயிலில் சினிமாப் பாட்டு எதற்கு என்று குழுவில் யாரோ கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. நானும் கரகம் பாலிக்கும்போதும் தேர் இழுக்கும்போதும் ஒரு பாட்டும் போட்டதில்லை. அது தப்புக்காரர்களின் நேரம். ஆனால் நீங்கள் காலையில் போடப்போகும் மாரியம்மன் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், எத்தனையில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் இருக்கிறது என்று. அதே குரல்தான் சினிமாவில் கிளப் டான்சுக்கும் பாடியது. சௌந்தரராஜன் முருகனை உருகிக் கூப்பிட்டதும் எம்.ஜி.ஆருக்கு வாயசைக்கக் கொடுத்ததும் ஒரே தொண்டையில். பஜாரில் நமக்குக் கடன் கொடுத்த முதலாளிக்காக வருஷா வருஷம் நாகூர் ஹனிபாவின் பாட்டொன்றையும் இதே குழாயில் போட்டிருக்கிறேன். அம்மன் ஒருநாளும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. மழையை வேண்டுமானால் அனுப்பியிருக்கிறாள்.

இனி கொப்பிகளின் கதைக்கு வருகிறேன். ரெக்கோட் பெட்டிக்குக் கீழ்த்தட்டில் ஏழு சீ.ஆர். கொப்பிகள் இருக்கின்றன. உங்களில் ஒருவரும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் ஜெனரேட்டருக்கு வேறு இடம் தேடியிருப்பீர்கள். பக்கத்துக்கு நாலு கோடு. தேதி, பாட்டு, கேட்டவர், யாருக்காக. சில வரிகளைப் பெயர் இல்லாமல் எடுத்துச் சொல்கிறேன்.

1976, இரண்டாம் திருவிழா. பணிய லயத்து அக்கா. புருசனுக்காக. (புருசன் பக்கத்திலேயே நிற்கிறார். இரண்டு வாரமாகப் பேச்சில்லையாம்.)

1979. பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிக்கும் இடம்) ஆயம்மா. யாருக்காக என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1981. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து. அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட கணக்கப்பிள்ளையின் காதில் விழும்படி, சத்தமாக.

பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்கு மெட்டுதான் ஞாபகத்துக்கு வரும், ஆள் வரமாட்டாள்.

1978இல் ஒரு வரி இருக்கிறது. எங்கள் சித்தப்பா. 'எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வருஷம் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964 ஒக்டோபரில் கையெழுத்து வைத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று நம்மைப் பிரித்துக்கொண்டார்களே, அந்தக் கணக்கு எங்கள் லயத்துக்கு வந்து சேர அவ்வளவு காலம் எடுத்தது. பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்கு இந்தியா, ஒருவருக்கு இலங்கை. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வோம். ஸ்டேசனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடு ஓடியவர்களைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா கேட்ட ரெக்கோட்டில் ஒரு கீறல் இருந்தது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தும் அதைத்தான் கேட்டார். பல்லவி போனது, முதல் சரணம் போனது, நடுவில் புல்லாங்குழல் வருகிற இடத்தில் முள் சிக்கிக்கொண்டது. அந்த நாலு சுரம் திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப. நான் முள்ளைத் தூக்கக் கையை நீட்டினேன். "விடுடா, ஓடட்டும்" என்றார் சித்தப்பா. ஓடியது. கோயில் வாசலில் அத்தனை பேர் நின்றோம், ஒருவரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்டோரில் யாரோ மெசினைப் போட, பாட்டு இழுத்து இழுத்து நின்றது. இரண்டாவது சரணம் வரவேயில்லை.

ஐந்து மாதம் கழித்து நீலகிரிக் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. இங்கிருந்து போனவர்களுக்கென்று அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. குளிர் இங்கே மாதிரியேதான், கொழுந்து இங்கே மாதிரியேதான், ஆனால் 'சிலோன்காரன்' என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "அந்தப் பாட்டோட ரெண்டாவது சரணத்த நேத்து காலையில கேட்டேன். நம்ம சிலோன் ரேடியோவுலதான்."

இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி அது. 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் வந்தது, 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. பெயர் மாறிய செய்தி எங்கள் லயத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதன் தமிழ் வர்த்தக சேவை கடல் தாண்டித் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று இங்கிருந்து பேசியவர்களின் குரலை அங்கே வீட்டு ஆளின் குரல் மாதிரித் தெரியும். ஆகவே கோச்சியும் கப்பலும் பிரித்த இரண்டு குடும்பம், ஒன்று கூடலூரிலும் ஒன்று இங்கேயும், காலை நேரம் ஒரே பாட்டைக் கேட்டன. படம் மதராசில் எடுத்தது, பாட்டு மதராசில் பதிந்தது, அதைக் கொழும்பிலிருந்து போட, நீலகிரியில் உட்கார்ந்து நம்மாள் கேட்கிறான். சித்தப்பாவின் அடுத்த கடிதத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வாரம் கேட்ட பாட்டுகளின் பட்டியல் இருக்கும். நாங்கள் சரிபார்ப்போம். ஒன்று பொருந்தினால் சித்தி அழுவாள், இங்கே இருக்கிற சின்னச் சித்தியைச் சொல்கிறேன்.

நம்மைப் பற்றிச் சினிமா எடுத்தவர்கள் அதிகம் இல்லை. 1975இல் வி.பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' வந்தபோது, தோட்டத்துச் சனத்தின் கதையாம் என்று ஒரு கூட்டமே நடந்து போய்ப் பார்த்தது. மற்றப்படி திரையில் பார்த்ததெல்லாம் தஞ்சாவூர் வயலும் மதராஸ் மாடி வீடும்தான். பந்து விளையாடும் கிரவுண்டில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காத பாதிப் பேர் வேட்டிக்குப் பின்பக்கம் இருந்து பார்ப்போம். அங்கே எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார், எழுத்தெல்லாம் திரும்பி ஓடும். எனக்கு நெடுங்காலம் சினிமா எழுத்து என்றால் அப்படித்தான் என்று நினைப்பு.

எம்.ஜி.ஆர். 1917இல் கண்டியில் பிறந்தவர் என்பது இங்கே பெரிய சொத்து. நம்ம ஊர்க்காரர் என்று மேட்டு லயம் சொந்தம் கொண்டாட, பணிய லயம் சிவாஜி பக்கம் போனது. இரண்டு லயத்துக்கும் பெண் கொடுத்து எடுப்பதில்கூட இது பார்க்கப்பட்டது. மிகைப்படுத்தவில்லை, என் கல்யாணமே உதாரணம். 1987 டிசம்பரில் அவர் இறந்தபோது மட்டும் இரண்டு லயமும் ஒன்றாகக் கறுப்புக் கொடி கட்டியது. அன்றைக்குப் பணிய லயத்திலிருந்து கேட்ட பாட்டுகள்தான் கொப்பியில் அதிகம்.

டெலிவிசனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. நாட்டுக்கே படம் அனுப்பும் கோபுரத்தைக் கொண்டுவந்து நட்டது நுவரெலியாவுக்கு மேலே, பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில். நமக்குத் தலைக்கு மேலே கோபுரம், லயத்துக்குள் குப்பி லாம்பு. அப்படியும் பார்த்தோம். கடைக்காரத் தம்பி ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இரண்டு பேர் கார் பெட்டரியை நடுவில் கம்பு கொடுத்துத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவார்கள். இஸ்தோப்பில் பெட்டி, முற்றத்தில் படங்கு விரித்து அறுபது பேர். படம் சுருங்கச் சுருங்க பெட்டரி இறங்குகிறது என்று தெரியும். ஒரு முறை கதாநாயகிக்கு உண்மை தெரியவரும் கட்டத்தில் படம் புள்ளியாகிப் போய்விட்டது. முடிவு என்னவாக இருக்கும் என்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பெண்கள் ஒரு கிழமை வாதாடினார்கள். உண்மையான முடிவைவிட அவர்கள் சொன்ன முடிவு நன்றாக இருந்தது. 1996 உலகக் கிண்ணத்தையும் அப்படித்தான் பார்த்தோம், நம்ம கண்டி முரளி பந்து போடும்போது மட்டும் பொம்பளைகளும் அடுப்படியிலிருந்து வந்து நின்றார்கள்.

இன்றைக்குக் காம்பராவுக்குக் காம்பரா டெலிவிசன், கூரைக்குக் கூரை டிஷ். பிழை சொல்லவில்லை. நாள் முழுக்க அட்டைக் கடியில் நின்றுவிட்டு வருகிறவள் ஏழரைக்கு ஒரு நாடகம் பார்த்தால் அதைக் குறை சொல்லும் ஆம்பளைகளை எனக்குப் பிடிக்காது. அவர்கள் அந்த நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பழைய பாட்டெல்லாம் தங்கம் என்று சொல்லவும் நான் வரவில்லை. பெட்டியில் இருக்கும் 312 ரெக்கோட்டில் பாதி குப்பை. பொம்பளையை மட்டம் தட்டுகிற பாட்டு எத்தனையோ இருக்கிறது, இன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் டீஜே போடுவதில் சிலது எனக்கும் கால் தட்ட வைக்கும், காலில் வலி இல்லாத நாளில். எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கிறதே, இந்தத் தட்டு எதற்கு என்று மன்றத் தம்பி ஒருவர் கேட்டாராம். சரிதான், பாட்டு போனில் இருக்கிறது. 1978இல் அதை யார் கேட்டார், கேட்டபோது யார் பக்கத்தில் நின்றார் என்பது போனில் இல்லை. அது அந்த ஏழு கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. கொப்பியில் உள்ள எழுத்தை வாசிக்க என்னால் மட்டும்தான் முடியும். எனக்கும் 70 ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம். 1983 ஆடிக் கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். இந்த நாட்டுத் தமிழ்ப் படங்கள் உருவான இடம். அந்த வாரம் நாங்கள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். போகும் முன் அப்பா அரிசியை எடுத்தார், அம்மா பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தாள், நான் பெட்டியைக் கோழிக் கூட்டுக்கடியில் குழி தோண்டி சாக்கு சுற்றிப் புதைத்தேன். "பைத்தியக்காரன்" என்று அப்பா ஏசியது இன்னும் காதில் இருக்கிறது. தோண்டி எடுத்தபோது பதினொரு ரெக்கோட் உடைந்திருந்தது, கொப்பிகளின் ஓரம் பூஞ்சணம். மற்றதெல்லாம் பிழைத்தது. அன்று காடையர் கையில் அகப்படாத சாமானை இன்று நாமே ஜெனரேட்டருக்காக வெளியில் வைப்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. போன வருஷம் மழையில் சாமான் அறைக் கூரை ஒழுகியது உங்களுக்கும் தெரியும். வெளியில் வைத்தால் ஒரு மாரிக்குத் தாங்காது.

நான் கேட்பது பெரிதில்லை. வாசிகசாலையில் இருக்கும் இரும்பு அலுமாரியில் கீழ்த்தட்டு இரண்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அதைத் தாருங்கள், பூட்டு நான் வாங்குகிறேன். மன்றத்துப் பிள்ளைகளில் எழுத்து நன்றாக உள்ள ஒரு மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்புங்கள். நான் வாசிக்க அவள் எழுதட்டும். சாயத்தண்ணியும் ரொட்டியும் என் பொறுப்பு. டீஜேயை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அவரிடம் பாட்டுக் கேட்க வருகிறவர்கள் யாருக்காகக் கேட்கிறார்கள் என்று யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று எழுதி வைத்தால் நல்லது. எட்டாவது கொப்பி புதிதாக, ஒரு எழுத்தும் படாமல் பெட்டியில் இருக்கிறது.

திருவிழாவில் எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். இரண்டாம் நாள், தேர் திரும்பிய பிறகு. ஆசைக்குக் கேட்கவில்லை, கடன் இருக்கிறது. 1989 திருவிழாவை வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இருட்டினால் வெளியில் தலை காட்ட முடியாத காலம். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம் பொழுது இறங்க, எல்லாவற்றையும் நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு ஓடினோம். அன்று சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் பதினான்கு பேருடைய பாட்டு போடாமலே நின்றது. அடுத்த வருஷம் போடுகிறேன் என்று எழுதி வைத்தேன். அடுத்த வருஷம் ஆம்ப்ளிபயர் எரிந்துவிட்டது, அதன் பிறகு கசெட் வந்தது, பிறகு எல்லாம் வந்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேர் இப்போது இல்லை. ஐந்து பேர் இருக்கிறார்கள்.

தலைவர் தம்பி, அந்தச் சீட்டில் ஆறாவது உங்கள் அம்மாவுடையது. அப்போது நீங்கள் கைக்குழந்தை. யாருக்காக என்று எழுதியிருப்பதை இங்கே சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போய் அவரிடமே கேளுங்கள், மறந்திருக்கமாட்டார்.

ரெக்கோட் ஐந்தையும் துடைத்து வைத்துவிட்டேன், தண்ணித் துணியால்தான். குழாயை மரத்தில் கட்ட ஏணியோடு இரண்டு பிள்ளைகள் வேண்டும். என்னால் ஏற முடியாது.

இப்படிக்கு,
ஸ்டோர் தாத்தா